சாவிக்கும் பிளக்கிற்கும் நடுவே: பழைய வண்டிகளின் இக்னிஷன் வயரிங்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ பெட்ரோல் ஜீப்போ கைக்கு வந்தால், புதிதாக வாங்கியவர்கள் இஞ்சினைப் பார்த்துப் பயப்படுவதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தலையைவிட்டு, அங்கே தொங்கும் வயர்க் கொத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நாற்பது வருடங்களில் யார் யாரோ ஹாரன், டேப் ரெக்கார்டர், ஃபேன், அலாரம் என்று சேர்த்த ஒட்டு வேலை அது. அதில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தந்து வண்டியை ஓடவைக்க அவசியமானவை நான்கைந்து வயர்கள்தான். அவற்றை மட்டும் பிரித்தெடுத்து அறிந்துகொண்டால், "காயில் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று யாராவது சொல்லும்போது, பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் அந்தக் காயில் உண்மையிலேயே போய்விட்டதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்கு ஓடிப்போய் காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக் என மொத்தமாக வாங்கி வருவது இந்த ஊரில் வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றையும் மாற்றியும் வண்டி கிளம்பாமல் நிற்கும். கடைசியில் பார்த்தால் இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும். கரண்ட் எங்கே வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியும்வரை ஒரு சாமானும் வாங்க வேண்டாம்.

முதலில் மூன்று கேள்விகள்

உங்கள் வண்டி பெட்ரோலா, டீசலா? கேலியாக எண்ண வேண்டாம். சென்னையில் ஓடும் பழைய அம்பாசிடர்களில் பல டீசல் இஞ்சினோடு வந்தவை, அல்லது பிற்பாடு டீசலுக்கு மாற்றப்பட்டவை. டீசல் இஞ்சினில் பிளக் பொறி கிடையாது. காயில், பாயிண்ட், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எதுவும் கிடையாது. பழைய லேலண்ட், டாடா லாரிகளும் அப்படித்தான். அங்கே சாவியின் வேலை செல்ஃப் மோட்டாரைச் சுற்ற வைப்பதும், மீட்டர்களுக்கும் விளக்குகளுக்கும் கரண்ட் கொடுப்பதும் மட்டுமே. மெக்கானிக்கல் பம்பு உள்ள லாரியில் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டாலும் இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டீசலை நிறுத்தும் இழுப்புக் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். பிற்கால வண்டிகளில் அந்தக் கம்பிக்குப் பதில் ஒரு சோலினாய்டு, அதாவது கரண்ட்டில் இயங்கும் மின்காந்தம், வந்தது. அதற்குப் போகும் வயர் கழன்றிருந்தால், வண்டியின் அமைப்பைப் பொறுத்து, ஒன்று ஸ்டார்ட் ஆகாது, இல்லையென்றால் நிற்காது. லாரிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில், இஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றினால் அதனுள் இருக்கும் டயோடுகள் போய்விடும். இதற்குப் பிறகு வருவதெல்லாம் பெட்ரோல் வண்டிகளுக்கு. ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா ஜீப், பழைய பெட்ரோல் பெட்ஃபோர்டு லாரி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, எத்தனை வோல்ட்? பேட்டரியைப் பாருங்கள். பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் 12 வோல்ட். மிகப் பழைய சில கார்களிலும் ஜீப்புகளிலும் 6 வோல்ட் உண்டு. பல லாரிகளிலும் ராணுவ வண்டிகளிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகப் போட்டு 24 வோல்ட்.

மூன்றாவது, எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது? இன்றைக்கு நெகட்டிவ் எர்த்தான் வழக்கம். ஆனால் பிரிட்டிஷ் வழியில் வந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனையை பாடியோடு சேர்த்திருப்பார்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த கேபிள் எந்த முனையில் தொடங்குகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தவறாக எண்ணிக்கொண்டு காயிலைத் திருப்பி மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் பொறி பலவீனமாகிவிடும். பேட்டரியையே திருப்பி மாட்டினால், ரேடியோ, ஆல்டர்நேட்டர் இருந்தால் அவை கருகும்.

கருவிகள்

ஒரு டெஸ்ட் லாம்ப் போதும், பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற (பெரும்பாலும் 12 வோல்ட்) 5 வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர், ஒரு முனையில் முதலை கிளிப், மறுமுனையில் ஊசி. எல்.ஈ.டி. வைத்த டெஸ்டர் வேண்டாம். ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரிலும் அது பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். இழை பல்பு கொஞ்சம் கரண்ட்டை இழுப்பதால், பழுதான இணைப்பில் மங்கி எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இதோடு ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், உப்புத்தாள், ஒட்டுத் தாள், பேனா. எதையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். கையில் மோதிரமோ உலோக வாட்ச் செயினோ இருந்தால் கழற்றி வையுங்கள். லாம்ப் சோதனையைத் தவிர, வயரைத் தொட்டு வேலை செய்யும்போதெல்லாம் பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

கரண்ட் போகும் பாதை

1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய முறைதான் பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் ஓடியது. இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் ஓடுவது பேட்டரியின் 12 வோல்ட்: பேட்டரியிலிருந்து செல்ஃப் சோலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) பெரிய போல்ட், அங்கிருந்து டேஷ்போர்டு (அம்மீட்டர் இருந்தால் அது வழியாக), சாவி சுவிட்ச், சுவிட்சிலிருந்து காயிலின் ஒரு முனை, காயிலின் மறுமுனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட், பாயிண்டிலிருந்து இஞ்சின் உலோகம், அதாவது எர்த். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடி உள்ளே காந்தப்புலம் உருவாகும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுற்றி, அதிலுள்ள மேடு (கேம்) வந்து பாயிண்டைத் திறந்தவுடன் அந்தப் புலம் சட்டென்று சரியும். அப்போது காயிலின் இரண்டாவது சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும். அதுதான் இரண்டாம் பகுதி: காயிலின் நடு வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர், பிளக் வயர், பிளக்.

கண்டென்சர் பாயிண்டுக்குப் பக்கத்தில் குட்டி உருளையாக இருக்கும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே கரண்ட் தாவாமல் தடுத்து, புலம் வேகமாகச் சரிய உதவுவது அதன் வேலை. அது இல்லையென்றால் பொறி பிளக்கில் வராமல் பாயிண்டிலேயே தெறிக்கும்.

சாவி சுவிட்ச்

சுவிட்சின் பின்னால் எத்தனை வயர் இருந்தாலும் அடிப்படையில் மூன்று வேலை. ஒன்று எப்போதும் கரண்ட் வந்து நிற்கும் முனை. இரண்டாவது, சாவியை ஆன் செய்தால் கரண்ட் வெளியே போகும் முனை; காயிலும் மீட்டர்களும் இதில்தான். மூன்றாவது, சாவியை முழுதும் திருப்பிப் பிடித்திருக்கும்போது மட்டும் செல்ஃப் சோலினாய்டுக்குக் கரண்ட் தரும் முனை. மிகப் பழைய வண்டிகளில் இந்த மூன்றாவதற்குத் தனி பட்டனோ இழுப்புக் குமிழோ இருக்கும்.

ஜெர்மன் வழியில் வந்த சுவிட்சுகளில் எண்கள் பொறித்திருக்கும்: 30 என்றால் பேட்டரி, 15 என்றால் சாவி ஆன், 50 என்றால் செல்ஃப், 31 எர்த். காயிலில் 1 என்றிருந்தால் அது பாயிண்டுக்குப் போகும் பக்கம். பிரிட்டிஷ் மின்சாமான் கம்பெனியான லூகாஸ் வழியில் வந்த பழைய காயில்களில் எஸ்.டபிள்யூ. (SW) என்று பொறித்தது சுவிட்ச் பக்கம், சி.பி. (CB) என்றது பாயிண்ட் பக்கம். பிந்தைய காயில்களில் கூட்டல், கழித்தல் குறிகள் மட்டும். நெகட்டிவ் எர்த் வண்டியில் கழித்தல் முனை பாயிண்டுக்கு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் கூட்டல் முனை பாயிண்டுக்கு.

நிறங்களை எவ்வளவு நம்பலாம்

அம்பாசிடர், இந்த ஊரிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற பிரிட்டிஷ் மரபு வண்டிகளில் லூகாஸ் நிற முறை. பழுப்பு: பேட்டரியிலிருந்து நேராக வரும், எப்போதும் உயிருள்ள வயர். வெள்ளை: சாவி ஆன் செய்தால் உயிர் பெறுவது, பியூஸ் இல்லாதது, காயிலுக்குப் போவது இதுவே. பச்சை: அதே சாவிக் கரண்ட், பியூஸைத் தாண்டியபின். வெள்ளையில் கறுப்புக் கோடு: காயிலிலிருந்து பாயிண்டுக்கு. வெள்ளையில் சிவப்புக் கோடு: செல்ஃப் சோலினாய்டுக்கு. கறுப்பு: எர்த். பத்மினி இத்தாலிய ஃபியட் வழி என்பதால் இந்த முறையை அதில் தேட வேண்டாம்.

இவ்வளவும் கம்பெனி வயரிங் அப்படியே இருந்தால்தான். பெரும்பாலான வண்டிகளில் இருக்காது. கடையில் அன்றைக்கு என்ன நிறம் கிடைத்ததோ அதைப் போட்டிருப்பார்கள். டேஷ்போர்டில் வெள்ளையாகக் கிளம்பிய வயர், நடுவில் டேப் சுற்றிய முடிச்சுக்கு அந்தப் பக்கம் சிவப்பாக வெளிவரும். எனவே நிறத்தைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லாம்ப் சொல்வதே சாட்சி. ஒவ்வொரு வயரையும் உறுதி செய்தவுடன் ஒட்டுத் தாளில் பெயர் எழுதி இரு முனையிலும் ஒட்டுங்கள்.

லாம்பை வைத்துப் பாதை தேடுதல்

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, முதலை கிளிப்பை இஞ்சினின் சுத்தமான உலோகத்தில் மாட்டுங்கள். பாடியில் அல்ல, இஞ்சினில். இனி ஊசியால் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகலாம்.

1. எர்த் இல்லாத பேட்டரி முனை. லாம்ப் பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் கிளிப்பைக் கழற்றி நேராக பேட்டரியின் எர்த் முனையில் மாட்டிப் பாருங்கள். அங்கே பளிச்சென்றால் இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டைதான் குற்றவாளி. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் என்று கடற்காற்று படும் இடத்தில் நிற்கும் வண்டிகளில் இதை முதலிலேயே சந்தேகப்படலாம். கழற்றி, இரு பக்கமும் பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து, மாட்டியபின் வாஸலின் தடவுங்கள்.

2. சோலினாய்டில் பேட்டரி கேபிள் வரும் போல்ட்.

3. சாவி சுவிட்சுக்கு உள்ளே வரும் முனை. சாவி ஆஃபில் இருந்தாலும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அம்மீட்டரின் பின்புற நட்டுகளைப் பாருங்கள்; வண்டியின் கிட்டத்தட்ட மொத்தக் கரண்ட்டும் அந்த இரண்டு நட்டுகள் வழியே போகிறது, தளர்ந்தால் சூடாகிக் கருகும்.

4. சாவியை ஆன் செய்து, வெளியே போகும் முனை. இங்கே மங்கினாலோ சாவியை ஆட்டும்போது மினுக்கினாலோ சுவிட்ச் தேய்ந்துவிட்டது.

5. காயிலின் சுவிட்ச் பக்க முனை. நான்காவதில் எரிந்து இங்கே எரியவில்லை என்றால், தகட்டைத் துளைத்து வயர் இஞ்சின் பக்கம் வரும் இடத்தில் ரப்பர் புஷ் உதிர்ந்து வயர் அறுந்திருக்கும்.

6. காயிலின் பாயிண்ட் பக்க முனை. கவனம் முழுக்க இங்கே தேவை. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். லாம்ப் மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தால் முதல் பகுதி முழுவதும் நலம். கோளாறு இரண்டாம் பகுதியிலோ கண்டென்சரிலோ பெட்ரோலிலோ இருக்கிறது.

செல்ஃப் அடிக்கும்போதும் லாம்ப் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், கரண்ட் காயிலைத் தாண்டி வந்துவிட்டது, ஆனால் எர்த்துக்குப் போக வழியில்லை. பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் எண்ணெய்ப் படலம், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் குட்டி வயர் உறைக்குள்ளேயே அறுந்துவிட்டது. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் படலம்தான். மெல்லிய அட்டையை நுழைத்து இழுத்தாலே போகும்.

லாம்ப் எரியவே இல்லையென்றால் இரண்டில் ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு, சாவி ஆனில் அந்தக் காயில் முனையை மட்டும் தொடுங்கள். இப்போது எரிந்தால் காயில் நன்றாக இருக்கிறது. பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது வயர் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட். அப்போதும் எரியவில்லை என்றால் மட்டுமே காயிலின் உள் சுற்று அறுந்திருக்கிறது. இப்போது தாராளமாகக் கடைக்குப் போகலாம்.

இந்தச் சோதனைகளுக்கு நடுவே சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டாம். பாயிண்ட் மூடிய நிலையில் இஞ்சின் நின்றிருந்தால் காயிலில் நான்கு ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் இடைவிடாது ஓடும். காயில் கொதித்து, பாயிண்டும் கருகும்.

பாயிண்ட், கண்டென்சர்

அம்பாசிடரில் வரும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு பாயிண்ட் இடைவெளி 14 முதல் 16 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மில்லிமீட்டரில் சுமார் 0.35 முதல் 0.40. கேம் மேடு பாயிண்டை முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும். வேறு வண்டிகளுக்கு வேறு அளவு. கையேட்டைப் பார்க்காமல் இதையே வைக்காதீர்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், சற்று நகரும் என்பதால், முதலில் பாயிண்ட், பிறகு டைமிங்.

கண்டென்சரைச் சந்தேகிக்க அடையாளம் உண்டு: மூடியைக் கழற்றிச் செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டில் நீலப் பொறி தாராளமாகத் தெறிப்பது, ஒரு முகத்தில் பள்ளமும் எதிர் முகத்தில் மேடும் விழுவது. புதிய கண்டென்சர்கள் எல்லாம் நல்லவை என்று நம்ப முடியாது. நன்றாக ஓடும் பழையதைக் கழற்றினால் தூக்கி எறியாமல் டேஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள்.

உயர் அழுத்தப் பக்கம், மழை, வெயில்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரைக் கழற்றி, ரப்பர் பிடி உள்ள கொறடால் பிடித்து, இஞ்சின் உலோகத்திலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடித்தால், படபடவென்று நீலப் பொறி தாவ வேண்டும். மஞ்சளாக, நூல்போல வந்தால் பலவீனம். கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் கசிந்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

நடு வயரில் பொறி இருந்து பிளக்கில் இல்லையென்றால் மூடியும் ரோட்டரும்தான். மூடியின் உட்புறம் நடுவில் இருக்கும் கார்பன் குச்சி தேய்ந்து போயிருக்கும், அல்லது உள்ளே பென்சில் கோடுபோல் கரித்தடம் விழுந்திருக்கும். அந்தத் தடம் வழியாகப் பொறி தப்பிப்போகும். சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றுவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரிப் பக்கம் தேங்கிய தண்ணீரில் போய் நின்றுவிடும் வண்டிகளில் முக்கால்வாசி மூடிக்குள் ஈரம் கோத்தவைதான். துடைத்து உலர்த்தினால் கிளம்பும். இருட்டில் பானெட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். எந்த பிளக் வயரில் கசிவு இருக்கிறதோ அது நீலமாக மினுங்கும். வயர்களைக் கழற்றினால் மாட்டும் வரிசை முக்கியம்: அம்பாசிடர், பத்மினி, வில்லிஸ் வழி ஜீப் மூன்றிலும் 1-3-4-2.

சித்திரை வெயிலில் வேறு ஒரு குழப்பம். கிண்டி நெரிசலில் வண்டி நின்றுபோகும், கொஞ்ச நேரம் ஆறவிட்டால் தானாகவே கிளம்பும். சிலர் காயில் சூடாகிவிட்டது என்பார்கள், சிலர் பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்று பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். இரண்டுமே நடக்கக்கூடியவை. நின்ற அந்த நேரத்திலேயே நடு வயரில் பொறி பாருங்கள். ஆறியபின் பார்த்தால் இரண்டும் நல்லதாகத்தான் தெரியும். பொறி இருந்தால் ஈரத்துணிக்காரர் சொன்னதே சரி.

இரண்டு விநோதக் கோளாறுகள்

செல்ஃப் அடிக்கும்போது இஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டவுடன் அணைகிறது. சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். ஓடும்போது கரண்ட் அது வழியாகக் குறைந்து வரும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வேறு வயர் வழியாக முழு வோல்ட் நேராக வரும். ரெசிஸ்டர் அறுந்துவிட்டால் இந்த அறிகுறி அப்படியே வரும். இப்படிப்பட்ட வண்டிக்கான காயிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை ஓம். ரெசிஸ்டர் இல்லாத வண்டியின் காயில் சுமார் மூன்று ஓம். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் ஒன்றரை ஓம் காயிலைப் போட்டால் அது வெந்துபோகும், எனவே வாங்கும்போது மல்டிமீட்டரில் அளந்து வாங்குங்கள்.

மற்றது, சாவியை ஆஃப் செய்தும் இஞ்சின் ஓடுவது. கரகரவென்று இடித்துக்கொண்டு சில நொடி ஓடி நின்றால் அது இஞ்சின் சூட்டிலும் கரியிலும் வருவது, வயரிங் அல்ல. சீராக ஓடிக்கொண்டே இருந்தால் காயிலுக்கு வேறு வழியில் கரண்ட் வருகிறது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போட்ட வண்டிகளில் சார்ஜ் விளக்கு வயர் வழியாகக் கரண்ட் பின்னோக்கி வந்து காயிலைத் தாங்கிப் பிடிக்கும். அந்த வயரில் ஒரு டயோடு போட்டால் தீரும். அந்தச் சிவப்பு விளக்கு அலங்காரத்துக்கு இல்லை. பல ஆல்டர்நேட்டர்கள் அதன் வழியே வரும் கரண்ட்டில்தான் விழித்துக்கொள்கின்றன. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே ஏறாமல் போகலாம்.

புது வயர் போடும்போது

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயரை வண்டியில் போடவே கூடாது. அதிர்வில் உறைக்குள் உடையும், வெளியே தெரியாது. பல இழை கொண்ட ஆட்டோ வயர்தான். காயிலுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். சுவிட்சுக்கு வரும் மெயின் வயருக்கு 4 அல்லது அதற்கு மேல். முறுக்கி டேப் சுற்றும் ஒட்டு வேண்டாம். வயர் முனைக்கு உலோக லக் வைத்து அழுத்தி, ஸ்லீவ் போடுங்கள்.

பியூஸ் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 என்று எழுதியிருப்பது உருகும் அளவு. அது தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய பிளேடு பியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணைப் பார்த்து 35-க்கு 35 போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும். 15 போடுங்கள். காயிலுக்குப் போகும் வெள்ளை வயருக்குக் கம்பெனி பியூஸே வைக்கவில்லை. நடுரோட்டில் வண்டி நிற்கக்கூடாது என்ற கணக்கு. ஐம்பது வருட வயருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் எண்ணம், 10 ஆம்பியர் ஒன்று வைத்துவிடலாம்.

எல்லாம் மாட்டி முடித்தபின் பேட்டரி எர்த் கேபிளை உடனே முனையில் திருகாதீர்கள். கேபிளுக்கும் முனைக்கும் நடுவே ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை வயரால் இணையுங்கள். சாவி ஆஃப், விளக்குகள் ஆஃப், கதவு விளக்கும் ஆஃப். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட்; பழுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது அணைகிறதோ அதன் பாதையில் தேடுங்கள். எரியவில்லை என்றால் சாவியை ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடி பல்பு எரியும், திறந்திருந்தால் மீட்டர்களுக்கான அளவு மங்கலாக எரியும். சாவியை ஆஃப் செய்தவுடன் அணைந்துவிட வேண்டும். அணைந்தால் பல்பை எடுத்துவிட்டுக் கேபிளை இறுக்கலாம்.